குழந்தைக்குக் காது கேட்கிறதா?

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டால், நம் வீடுகளில் நடக்கும் பரீட்சை பிரசித்தமானது. பாட்டி பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ‘டணார்’ என்று தட்டுவாள். குழந்தை திரும்பிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது திரும்பியது சப்தத்தைக் கேட்டுத்தானா? கையின் நிழலைக் கண்டு திரும்பியிருக்கலாம். தரையின் அதிர்வை உணர்ந்தும் திரும்பியிருக்கலாம். மேலும், தாம்பாளச் சப்தம் கேட்கும் குழந்தைக்கும் ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய பேச்சொலிகள் கேளாமல் இருக்கக்கூடும்.

பெற்றோர் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் கொடுக்கும். முகம் பார்த்துச் சிரிக்கும். ஏழெட்டு மாதத்தில் “மம்மா, தத்தா” என்று அசைகளை அடுக்க வேண்டிய பருவத்தில்தான் வித்தியாசம் தெரியவரும். அப்பொழுதும், “இவன் மாமனும் ஐந்து வயதில்தான் பேசினான்” என்று சமாதானம் சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பார். அந்தச் சமாதானத்தில் கழியும் மாதங்களோ, மூளை பாஷையைப் பற்றிக்கொள்வதற்குரிய அருமையான காலம். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் நடந்து, 1998-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாக்கியது. ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிடப் பாஷையில் நன்கு முன்னேறியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிக் கடைசிப் பெஞ்சுக்குப் போகும் பிள்ளைகள் சிலருக்குக் குறை புத்தியில் இல்லை, காதில்தான் என்பது உபாத்தியாயனாகிய என் அனுபவம்.

1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் ஓர் அதிசயத்தை வெளியிட்டார். காது ஒலியைக் கேட்பதோடு நிற்பதில்லை. தானும் மிக மெல்லிய ஒலியொன்றைத் திருப்பி அனுப்புகிறது! உட்செவி பழுதுபட்டிருந்தால் அந்த ஒலி வராது. பிறந்த ஓரிரு நாளில், தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையொன்றைச் செருகிச் சில நிமிஷங்களில் இதைச் சோதித்துவிடலாம், வலி கிடையாது. முதல் தடவை ஒலி வராவிட்டால் கலங்க வேண்டாம். பிரசவ நீர் காதில் தங்கியிருக்கலாம். ஆனால் மறு சோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிர்ணயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது வைத்தியர்கள் வகுத்துள்ள கணக்கு.

குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, குடும்பத்தில் செவிடு, நெருங்கிய உறவில் விவாகம், இவை இருந்தால் அதிக ஜாக்கிரதை வேண்டும். இவை எதுவும் இல்லாத வீடுகளிலும் இக்குறை தோன்றுவதால் சோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் அவசியம். பிற்பாடு மூளைக்காய்ச்சல் கண்டால் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

சில வாரக் குழந்தைக்கும் காதுக் கருவி பொருத்தலாம். “நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?” என்று தாத்தா தடுப்பார். அவர் மூக்கின்மேல் கண்ணாடி இருக்கும்!