ஷிப்ட் மாறலாம்... சாப்பாட்டு நேரம் மாறலாமா?

விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சாலையோரம் வரிசையாகக் கம்பெனி பஸ்கள். தூக்கம் கலையாத முகத்தோடு காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். இரவு முழுக்கக் கண் விழித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. 2013-ல் அங்கேயே ராயல் என்ஃபீல்டு. இப்படிக் கார், பைக், டயர், கண்ணாடி, செல்போன் என்று வளர்ந்த இந்தப் பகுதியில், 'ஷிப்ட்' என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை!

உங்கள் வீட்டிலும் ஷிப்ட்டுக்குப் போகிறவர் ஒருவர் இருக்கலாம். கணவரோ, மகனோ, மகளோ, மருமகளோ. "வேலைக்குச் சேர்ந்தப்போ ஒல்லிக்குச்சியா இருந்தான். மூணே வருஷத்துல பேன்ட் எதுவும் போட முடியலை" என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். "கேன்டீன் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு போல!" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்திருப்பார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமா இது? இல்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் மாநிலத்துப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருந்தார்கள். 25 வயதில் வருகிற தொப்பை, 35 வயதில் மாத்திரை டப்பாவாக மாறக்கூடாது. அதுதான் நம் கவலை.

முதலில் ஒரு டேப் எடுங்கள்

தையல் டேப் இருக்கிறதா? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை வெளியே விட்டபடி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதைத் தாண்டினால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். 23-க்கு மேல் வந்தால் அதிக எடை. 25-ஐத் தொட்டால் உடல் பருமன். வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் 25, 30 என்ற கணக்கு நமக்குப் பொருந்தாது. நம்மவர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

சரி, ஷிப்ட்டுக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பகலில் சாப்பிடு, இரவில் ஓய்வெடு என்பது அந்தக் கடிகாரத்தின் கட்டளை. பகலில் சாப்பிடும் இட்லியின் சர்க்கரையை உடம்பு சுலபமாகக் கையாள்கிறது. அதே இட்லியை நடு இரவில் சாப்பிட்டால் இன்சுலின் திணறுகிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிக நேரம் நிற்கிறது.

அமெரிக்காவில் 19 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2021 டிசம்பரில் வெளியிட்டார்கள். எல்லோரையும் ஆய்வுக்கூடத்தில் இரவு ஷிப்ட் போலக் கண் விழிக்க வைத்தார்கள். ஒரு பிரிவினர் இரவிலும் சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களுக்கு சராசரி ரத்த சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை! கண் விழித்தது இருவரும்தான். வித்தியாசம் சாப்பிட்ட நேரத்தில்.

அமெரிக்க நர்சுகள் சுமார் 1 லட்சத்து 77 ஆயிரம் பேரைப் பல வருடங்கள் கவனித்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. மாறி மாறி இரவு ஷிப்ட் பார்த்தவர்களில், 10 முதல் 19 வருடம் வேலை செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 40 சதவீதம் அதிகமாக இருந்தது. 20 வருடம் தாண்டியவர்களுக்கு 58 சதவீதம். ஆனால், அந்தக் கூடுதல் ஆபத்தில் பாதிக்கு மேல் எடை கூடியதோடு சேர்ந்தே வந்தது. ஷிப்ட்டை மாற்றுவது நம் கையில் இல்லை. எடை நம் கையில் இருக்கிறதே!

சாப்பாடு இரண்டா, மூன்றா, ஐந்தா?

ஷிப்ட் வீடுகளில் நடக்கும் ஒரு வேடிக்கையைச் சொல்லட்டுமா? கேன்டீனில் ஒரு சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் "ஐயோ பாவம், களைச்சு வந்திருக்கான்" என்று அம்மா பரிமாறும் இன்னொரு சாப்பாடு. ஒரே மதியத்துக்கு இரண்டு சாப்பாடு! மதிய ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு வருகிறவருக்குச் சுடச்சுட நாலு தோசை, தேங்காய்ச் சட்னி. பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம் போய்ச் சேருகிற இடம் இடுப்பு.

அடுத்தது டீ. தூக்கம் வராமல் இருக்க ஒரு ஷிப்ட்டில் ஐந்து டீ குடிக்கிறவர்கள் உண்டு. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன். அதாவது 50 கிராம், 200 கலோரி. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் வைப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே இரண்டு நாள் கோட்டா காலி! கூட வருகிற சமோசாவையும் பப்ஸையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மூன்று ஷிப்ட்... மூன்று அட்டவணை

கம்பெனிக்குக் கம்பெனி நேரம் கொஞ்சம் மாறும். உங்கள் நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை ஷிப்ட் (6 - 2): வீட்டில் ஒரு வாழைப்பழமோ, ஒரு கைப்பிடி ஊறவைத்த வேர்க்கடலையோ போதும். காலை டிபன் கேன்டீனில். மதியச் சாப்பாடு கேன்டீனிலா, வீட்டிலா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் வேண்டாம். இரவு ஏழரைக்குள் சாப்பிட்டு, ஒன்பதுக்குள் படுக்கை.

மதிய ஷிப்ட் (2 - 10): காலை டிபன் எட்டு மணிக்கு. பெரிய சாப்பாடு பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு. இரவு உணவைக் கேன்டீனிலேயே ஏழு, எட்டு மணிக்கு முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் பசித்தால் ஒரு டம்ளர் மோர். ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி புரோட்டாக் கடைக்குள் நுழைகிற பழக்கம் இருந்தால், அதை மாதம் ஒரு நாளுக்கு ஒத்தி வையுங்கள்.

இரவு ஷிப்ட் (10 - 6): இரவு எட்டு மணிக்கு வீட்டிலேயே நிறைவாகச் சாப்பிடுங்கள். நடு இரவில் பிரியாணியும் சாம்பார் சாதமும் வேண்டாம். அதற்காகப் பட்டினியோடு மெஷின் முன்னால் நிற்கவும் கூடாது. ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல், அவித்த முட்டை, கொய்யாப்பழம் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். கடைசி டீ இரவு ஒரு மணியோடு சரி. தூங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் குடித்த காபிகூடத் தூக்கத்தைக் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. காலையில் வந்ததும் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு தூக்கம். எழுந்ததும் மதியச் சாப்பாடு.

ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

தட்டை இரண்டாகப் பிரியுங்கள்

"சோத்தையே விட்டுடணுமா?" என்று பயப்பட வேண்டாம். தட்டின் பாதியில் காய்கறி, கீரை. கால் பங்கு சாதமோ சப்பாத்தியோ. மீதிக் கால் பங்கில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் வீட்டுத் தட்டில் சாதம் மலை, பொரியல் மடு! அதைக் கொஞ்சம் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

கேன்டீனில் இது முடியுமா? முடியும். முதல் முறையே பொரியலை இரண்டு கரண்டி கேளுங்கள். இரண்டாம் முறை சாதம் வாங்கப் போகாதீர்கள். அப்பளத்தையும் இனிப்பையும் தள்ளிவிடுங்கள்.

நின்னா மட்டும் போதுமா?

"எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டேதான் வேலை பார்க்குறேன். எனக்கு எதுக்குங்க எக்ஸர்சைஸ்?" நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே இடத்தில் நிற்பது கால் வலியைத் தரும். இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்காது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை வேண்டும். நாளுக்கு 30 நிமிடம் வீதம் ஐந்து நாள். சேர்ந்தாற்போல் நேரம் கிடைக்காவிட்டால், சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நடை, ஏறுகிற சர்க்கரையை அங்கேயே பிடித்து நிறுத்தும்.

கன்டெய்னர் லாரிகள் ஓடும் மெயின் ரோட்டில், அதுவும் இருட்டில், நடக்கவே வேண்டாம். தெருவுக்குள்ளோ, மொட்டை மாடியிலோ, ஹாஸ்டல் வளாகத்திலோ நடங்கள். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியிருக்கிறார்கள். விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய் வரலாம்.

தூக்கமும் ஒரு மருந்து

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. அதனால்தான் கண் விழித்த மறுநாள் கை தானாக மிக்சர் டப்பாவைத் தேடுகிறது!

இங்கே வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு ஷிப்ட் முடித்து வரும் ஆண் படுக்கப் போகிறார். அதே ஷிப்ட் முடித்து வரும் பெண் நேராகச் சமையலறைக்குப் போகிறார். பல வீடுகளில் இதுதானே நடக்கிறது? அந்த வாரம் மட்டுமாவது சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை, டி.வி. சத்தம் குறைவு, செல்போன் அடுத்த அறையில். ஏழு மணி நேரம் அவரை யாரும் எழுப்பக் கூடாது.

எல்லோரும் இளைக்க வேண்டாம்!

ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்களே, ஒரு நிமிடம். தோழி டயட் இருக்கிறாள் என்று நீங்களும் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. எடைக் கணக்கு 18.5-க்குக் கீழே இருந்தால் நீங்கள் எடை கூட்ட வேண்டும். முருங்கைக் கீரை, பருப்பு, முட்டை சாப்பிடுங்கள். கூட எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது ஒட்டாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

'ஒரே மாதத்தில் பத்துக் கிலோ' என்று பவுடர் விற்கிறவர்களிடமும் மாட்டாதீர்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே போதும். 80 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைத்தாலே உடம்புக்குப் பெரிய லாபம்.

சென்னையே காட்டிய வழி

"இதெல்லாம் சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு, நடக்குமா?" என்கிறீர்களா? நடந்திருக்கிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கம்போல விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவைத் திருத்தி, தினம் அரை மணி நேரம் நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனுக்கு இது குறைந்ததல்ல! இன்னொரு ஆச்சரியம், அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆகவே எடை மெஷின் முள் நகரவில்லை என்று சோர்ந்து விட்டுவிடாதீர்கள். உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

30 வயது தாண்டியவர்கள், இடுப்பளவு தாண்டியவர்கள், அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை ரத்த சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்க்கலாம். வெறும் வயிற்றுப் பரிசோதனையை இரவு ஷிப்ட் முடித்த காலையில் செய்யாதீர்கள். நடு இரவில் டீயும் சுண்டலும் போயிருக்குமே! பகல் ஷிப்ட் வாரத்தில், எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் செய்யுங்கள். 100 முதல் 125 வரை வந்தால் நோயின் வாசல்படி. 126-ஐத் தொட்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்த வாரம் டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறையுங்கள். அடுத்த வாரம் அந்தப் பதினொன்றரை மணித் தோசையை நிறுத்துங்கள். அடுத்த மாதம் டேப்பை மறுபடி எடுங்கள்... அது சொல்லும், நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று!