பெயர் பொறித்த கற்கள்

பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நந்தம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. ஊர்திகளின் இரைச்சல் ஓயாத அச்சாலையின் ஓரத்திலே, பசும்புல் படர்ந்த அமைதியான தோட்டம் ஒன்று விளங்குகிறது. அங்கே ஒரே அளவான கற்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. இதுவே சென்னைப் போர்வீரர் கல்லறைத் தோட்டம் ஆகும்.

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடைபெற்றது. அக்காலத்தில் இந்தியாவின் தென்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் உயிர் நீத்த படைவீரர் பலர், ஆங்காங்கே இருந்த சிறு கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்டனர். போர் முடிந்தபின் அவற்றை என்றும் பேணிக் காத்தல் அரிதாகத் தோன்றியது. ஆதலின் அவர்தம் கல்லறைகள் நந்தம்பாக்கத்தில் ஒருங்கு சேர்க்கப்பட்டன. இங்கு உறங்குவோர் 850-க்கும் மேற்பட்டவர். தோட்டத்தின் பின்புறத்தே, முதல் உலகப் போர்க் காலத்தில் மறைந்து, இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரவருக்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னமும் உண்டு.

இக்கல்லறைகளைப் பேணுவது பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் ஆகும். 1917-இல் தோன்றிய அவ்வமைப்பு உயர்ந்த கொள்கை ஒன்றை மேற்கொண்டது. உயிர் கொடுத்தவர் யாவராயினும் அவர் பெயர் கல்லில் நிலைபெறல் வேண்டும். பதவியாலோ, இனத்தாலோ, சமயத்தாலோ வேற்றுமை காட்டலாகாது என்பதே அது. ஆகவே, தளபதிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்னும் வழக்கம் இங்கு இல்லை. இறந்தவர் உடலைத் தாய்நாட்டிற்கு எடுத்துச் செல்வதற்கும் இசைவு தரப்படவில்லை. செல்வர் அதனைச் செய்ய இயலும். ஏழைத் தாய் என் செய்வாள்? சமன் செய்தல் கருதியே அவ்விதி வகுக்கப்பட்டது.

அவ்விதியின் கடுமையைப் பெரிதும் உணர்ந்தவருள் ஆஸ்திரேலிய மக்களும் ஒருவர். முதல் உலகப் போரில் அந்நாட்டினர் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர் தாமே விரும்பிப் படையிற் சேர்ந்தனர். அவருள் ஏறத்தாழ 60,000 பேர் மீளவில்லை. மகனது கல்லறையைக் காணப் பன்னாள் கப்பலிற் செல்லுதல் பெற்றோர் பலர்க்கு இயலாதாயிற்று. ஆதலின் ஊர்தோறும் நினைவுச் சின்னம் எழுப்பி, அதில் பெயர்களைப் பொறித்து ஆறுதல் அடைந்தனர். 1966-இல், வியட்நாம் போரின்போதே, மாண்டவர் உடலைத் தாய்நாட்டிற்குக் கொணரும் முறையை ஆஸ்திரேலிய அரசு ஏற்றது.

ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் சேர்ந்த ‘அன்சாக்’ படை, 1915 ஏப்ரல் 25-ஆம் நாள் துருக்கியிலுள்ள கலிப்பொலியிற் கரையிறங்கியது. அந்நாளை இரு நாட்டினரும் ஆண்டுதோறும் போற்றுகின்றனர். நந்தம்பாக்கத்துத் தோட்டத்திலும் அந்நாளில் மலர்வளையம் வைத்து வணங்கியதுண்டு. அன்று அன்சாக் படையுடன் இந்திய மலைப் பீரங்கிப் படையினரும் அதே கரையில் இறங்கினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழரும் கடல் கடந்து போர்க்களம் புகுந்தனர். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர் படையிற் பணியாற்றினார். 1944-இல் இத்தாலி நாட்டில், நிலத்திற் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தபோது, கண்ணி ஒன்று இயங்கத் தொடங்கிற்று. அது வெடிப்பதற்கு இடையே இருந்தவை சில நொடிகளே. அவர் அதன்மேல் பாய்ந்து வீழ்ந்தார். தம் உடலையே கேடயமாக்கித் தோழரைக் காத்து மாண்டார். அவருக்கு ‘ஜார்ஜ் சிலுவை’ என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. இத்தாலியின் சாங்ரோ ஆற்றுக் கல்லறைத் தோட்டத்தில், எரியூட்டப்பெற்ற இந்திய வீரர்க்கென அமைந்த சின்னத்தில் அவர் பெயர் நின்று நிலவுகிறது.

எனினும், இந்தியர் எல்லாரும் அப்பேறு பெற்றிலர். ஈராக் நாட்டுப் பாஸ்ரா நகரில் முதல் உலகப் போரில் இறந்தோர்க்கென 1929-இல் ஒரு சின்னம் திறக்கப்பட்டது. அதில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இடம் பெற்றன. சாதாரணச் சிப்பாய்களோ, அவரவர் படைப்பிரிவின் கீழ் எத்தனை பேர் என்னும் எண்ணாக மட்டும் குறிக்கப்பட்டனர். சமன்மை பேசிய கொள்கை ஆசிய, ஆப்பிரிக்க வீரரிடத்தே தவறிற்று. ஒரு இலட்சத்து 16 ஆயிரம் பேரேனும் பெயரின்றி, அல்லது நினைவே இன்றி, விடப்பட்டனர் என்று ஆணையத்தின் ஆய்வுக் குழு 2021-இல் கண்டறிந்தது. ஆணையம் அதற்கு வருத்தம் தெரிவித்து, விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்க்கும் பணியை மேற்கொண்டது.

பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டினர். நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமும் கூறுகின்றது. ஆநிரை மீட்கச் சென்று மாண்ட எளிய வீரனுக்கும், ஊரார் கல் எடுத்துப் பெயர் பொறித்தனர். அரசன் பெயரை வரலாறு தானே காக்கும். சிப்பாயின் பெயரை மக்கள்தாம் காத்தல் வேண்டும். நந்தம்பாக்கத்துக் கற்கள் உணர்த்தும் உண்மை இதுவே ஆகும்.