உங்களுக்குத் தெரியுமா? பறைக்கு முன்னே தீயின் ஓசை

திண்டுக்கல்லில் இளம்பெண்கள் பறையடிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழு அது. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழக இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் இவர்களைப் பதிவு செய்து ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

பறையைப் பதிய விரும்புவோர் ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சும்போதே பதிவை ஓடவிடுங்கள். தீ சடசடக்கும், நடுநடுவே ஒருவர் குச்சியால் தட்டிப் பார்ப்பார். முதலில் ‘தொப்’பென்று விழும் அடி, ஈரம் போகப் போகத் தோல் இறுகி, கணீரென்று ஏறும். அந்த ஏற்றம் மேடைப் பதிவுகளில் கிடைக்காது. எனக்கு ஆட்டத்தைவிட அதுதான் பிடிக்கும். அடி சூடேறியதும் நாலைந்து எட்டு பின்வாங்கி, பதிவின் ஒலியளவைக் குறைத்துவிடுங்கள். நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சியின் ‘சுரீர்’ வெட்டில் மைக் திணறிப்போகும்.

பகிரவும் இடமுண்டு. பார்சலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கிய ‘ஃப்ரீசவுண்ட்’ தளத்தில் யாரும் ஒலித்துணுக்குகளை இலவசமாக ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றுமுன் அடித்தவரின் சம்மதம் வாங்குங்கள். குறிப்பில் ஊரையும் அந்த அடியின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.