ரெயிலா? பஸ்ஸா? இத்தாலியில் எதில் ஏறுவது?

ஞாயிற்றுக்கிழமை. மாலை நேரம். இத்தாலி நாட்டில் ஒரு மலையூர். கோட்டைச் சுவருக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு குடும்பம் காத்து நிற்கிறது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், மூன்று பெட்டிகள்.

பஸ்ஸைக் காணோம்.

கம்பத்தில் கால அட்டவணை ஒட்டியிருக்கிறது. 6-40க்கு ஒரு பஸ் உண்டு என்று அதில் போட்டிருக்கிறது. மணியோ 7 ஆகிவிட்டது. சிறிய குழந்தை அழத் தொடங்கிவிட்டது. அந்த வழியாக வந்த கிழவர் ஒருவர் நின்று, அட்டவணையின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டுகிறார். அங்கே சிறு படம் ஒன்று இருக்கிறது. இரண்டு சுத்தியல்கள் குறுக்கும் நெடுக்குமாக! "வேலை நாட்களில் மட்டும்" என்று அதற்கு அர்த்தம்.

இன்று ஞாயிறு. பஸ் கிடையாது!

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இத்தாலிக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இப்படி அகப்பட்டுக்கொள்வது மிகவும் சுலபம். "நாம் எங்கே இத்தாலிக்குப் போகப் போகிறோம்?" என்று நினைக்காதீர்கள். மகனும் மகளும் வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, அப்பா அம்மாவை ஊர் பார்க்க அழைக்கும் காலம் இது.

ஊர் எங்கே இருக்கிறது?

ரெயிலில் போவதா, பஸ்ஸில் போவதா என்று யாராவது கேட்டால், "நீங்கள் போகிற ஊர் எங்கே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். சமவெளியில் உள்ள பெரிய நகரமா? ரெயில். மலை உச்சியில் உள்ள சிறிய ஊரா? பஸ். பாதி விஷயம் இவ்வளவுதான். மீதிப் பாதியில்தான் பணமும் போகிறது, நேரமும் போகிறது.

இத்தாலியின் வடிவம் பூட்ஸ் காலைப் போன்றது. அதன் நடுவே, முதுகெலும்பு போல, அப்பென்னைன் மலைத்தொடர் ஓடுகிறது. பழங்காலத்தில் எதிரிகளுக்குப் பயந்தும், பள்ளத்துச் சதுப்பு நிலத்தின் மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்தும் மக்கள் மலை உச்சிகளில் ஊர் கட்டிக்கொண்டார்கள். பல நூறு ஆண்டுகள் கழித்து ரெயில் வந்தது. ரெயில் மலை ஏறுமா? அது பள்ளத்தாக்கு வழியாகவே போயிற்று. அதனால், ஊரின் பெயரைத் தாங்கிய ஸ்டேஷன் கீழே இருக்கும். ஊர் மேலே இருக்கும்!

இத்தாலியில் முதல் ரெயில் ஓடியது 1839-ம் ஆண்டு. நேபிள்ஸ் நகரத்தில் இருந்து பக்கத்தில் உள்ள போர்ட்டிச்சி வரை, ஏழு கிலோ மீட்டர் சொச்சம்தான் தூரம். இன்று அதே நேபிள்சில் இருந்து மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் ரெயில்கள் புறப்படுகின்றன.

சிவப்பு அம்பு

மிலான், பொலோனா, புளோரன்ஸ், ரோம், நேபிள்ஸ். இந்தப் பெரிய நகரங்களுக்கு இடையே போகிறவர்கள் பஸ்ஸை நினைக்கவே வேண்டாம். ரோமில் இருந்து புளோரன்சுக்கு அதிவேக ரெயிலில் ஒன்றரை மணி நேரம். ரோமில் இருந்து நேபிள்சுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ரோமில் இருந்து மிலானுக்கு 3 மணி நேரத்தை ஒட்டி. இதே மிலானுக்கு பஸ்ஸில் போனால் பகல் பொழுது முழுவதும் பஸ்ஸிலேயே கழிந்துவிடும்.

பஸ் போகும் சாலை மோசமா? இல்லை. மிலானில் இருந்து நேபிள்ஸ் வரை "சூரிய நெடுஞ்சாலை" என்று ஒரு சாலை இருக்கிறது. 1956-ல் தொடங்கி, 1964-ல் கட்டி முடித்தார்கள். நீளம் சுமார் 760 கிலோ மீட்டர். அருமையான சாலை. ஆனால் பொலோனாவுக்கும் புளோரன்சுக்கும் நடுவே மலை குறுக்கிடுகிறது. பஸ் மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும். ரெயிலோ மலையைத் துளைத்துக்கொண்டு போகிறது. 2009-ல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் சுமார் 78 கிலோ மீட்டர். அதில் ஏறக்குறைய 73 கிலோ மீட்டர் சுரங்கம்தான்! ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என்ன பயன்? வெளியே ஒரே இருட்டு.

அரசாங்க ரெயில்வேயின் அதிவேக ரெயிலுக்கு "பிரெச்சாரோசா" என்று பெயர். சிவப்பு அம்பு என்று பொருள். இதற்குப் போட்டியாக, 2012-ம் ஆண்டு முதல் "இட்டாலோ" என்ற தனியார் ரெயிலும் அதே தண்டவாளத்தில் ஓடுகிறது. போட்டி என்றால் லாபம் யாருக்கு? பயணிக்குத்தான். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் கட்டணம் மிகவும் குறைவு. கிளம்புகிற அன்று கவுண்ட்டரில் போய் நின்றால் அதே இடத்துக்குப் பல மடங்கு கேட்பார்கள். ஒன்றை மறக்கக்கூடாது. மலிவான டிக்கெட்டை மாற்ற முடியாது. அந்த ரெயிலை விட்டால் பணம் போயிற்று.

சாதாரண ரெயில்

இன்னொரு வகை ரெயில் உண்டு. சின்ன ஊர்களில் எல்லாம் நின்று போகிற ரெயில். இதற்கு "ரெஜியோனாலே" என்று பெயர். இதில் தூரத்துக்கு ஏற்ற ஒரே கட்டணம். இரண்டு மாதம் முன்னால் வாங்கினாலும் அதே விலைதான். ஐந்து நிமிடம் முன்னால் வாங்கினாலும் அதே விலைதான். இடம் பிடித்த இடம்.

புளோரன்சில் இருந்து, சாய்ந்த கோபுரம் இருக்கும் பைசா நகருக்குப் போக இந்த ரெயிலே போதும். ஒரு மணி நேரப் பயணம். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் இல்லை.

ஆனால், இந்தச் சாதுவான ரெயிலில்தான் வெளிநாட்டார் அபராதம் கட்டுகிறார்கள்! டிக்கெட் இருந்தும் அபராதம். காரணம் என்ன? காகித டிக்கெட்டை ரெயிலில் ஏறும் முன் ஸ்டேஷனில் உள்ள சிறிய எந்திரத்தில் நுழைக்க வேண்டும். அது தேதியும் நேரமும் அச்சிட்டுத் தரும். அந்த முத்திரை இல்லாத டிக்கெட் செல்லாது. செல்போனில் வாங்கிய டிக்கெட்டாக இருந்தால், பயணம் தொடங்குவதாகப் போனிலேயே பதிவு செய்ய வேண்டும். "எனக்குத் தெரியாது, நான் வெளியூர்" என்று பரிசோதகரிடம் சொல்லிப் பயனில்லை. இருக்கை எண் குறித்த அதிவேக ரெயில் டிக்கெட்டுக்கு இந்த முத்திரை தேவை இல்லை.

ஸ்டேஷனில் இரண்டு நிறக் காகிதங்களில் அட்டவணை ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் காகிதம் புறப்படும் ரெயில்களுக்கு. வெள்ளைக் காகிதம் வந்து சேரும் ரெயில்களுக்கு. வெள்ளையைப் பார்த்துவிட்டு பிளாட்பாரத்தில் காத்திருந்தால், வருகிற ரெயிலை வேடிக்கைதான் பார்க்கலாம்.

வெனிஸ் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெனிஸ் என்ற பெயரில் இரண்டு ஸ்டேஷன்கள். மெஸ்ட்ரே என்பது கரையில் இருக்கிறது. சாந்தா லூசியா என்பதுதான் கடல் நடுவே உள்ள நகரத்தின் ஸ்டேஷன். 1846-ல் கட்டிய பாலத்தின் மீது ரெயில் கடலைத் தாண்டிப் போகிறது. வெளியே வந்தால் படிக்கட்டுக்குக் கீழே பெரிய கால்வாய்! பஸ்ஸுக்கு 1933-ல்தான் பாலம் வந்தது. அதுவும் நகரத்தின் ஓரத்தில் ஒரு சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் படகு, இல்லையேல் கால்நடை.

பஸ் ஜெயிக்கும் இடம்

இனி மலைக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ்.

சியனா என்று ஓர் அழகான ஊர். புளோரன்சில் இருந்து ரெயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ரெயிலில் ஒன்றரை மணி நேரம். ஆனால் ஸ்டேஷன் பள்ளத்தில் இருக்கிறது. இறங்கியபின் தானியங்கிப் படிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, பிறகு நடந்துதான் ஊருக்குள் போகவேண்டும். விரைவு பஸ்ஸோ பழைய ஊரின் வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறது. பெட்டியும் குழந்தையுமாகப் போகிறவர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழைய கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமிஞானோவுக்கு ரெயிலே கிடையாது. பொஜ்ஜிபோன்சி என்ற ஊர் வரை ரெயிலில் போய், அங்கே பஸ் மாற வேண்டும். ஓவியர் ரபேல் பிறந்த உர்பினோவுக்கு ஒரு காலத்தில் ரெயில் போயிற்று. 1987-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது கடற்கரையில் உள்ள பெசாரோவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். புனித பிரான்சிஸ் வாழ்ந்த அசிசியில் ஸ்டேஷன் ஒரு பக்கம், ஊர் மலைச்சரிவில் சில கிலோ மீட்டர் தள்ளி. அங்கும் பஸ்தான் மேலே ஏற்றிவிடும். ஓர்வியட்டோ மட்டும் கெட்டிக்கார ஊர். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே, கம்பி வடம் இழுக்கும் மலை ரெயில் பெட்டி தயாராக நிற்கிறது.

பஸ்ஸை நம்பிப் போகும் இடங்களில் எச்சரிக்கை வேண்டும். அட்டவணையில் "பெரியாலே" என்று ஒரு சொல் வரும். விடுமுறை நாள் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அதுதான் வேலை நாள். சனிக்கிழமையும் அதில் சேர்த்தி. "பெஸ்டீவோ" என்றால்தான் ஞாயிறும் பண்டிகை நாளும். சுத்தியல் படத்துக்குப் பதில் சிலுவை போட்டிருந்தால் அதுவும் பெஸ்டீவோதான். பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் மட்டும் ஓடும் பஸ்களும் உண்டு. கோடை விடுமுறையில் போகிறவர்கள் அவற்றை நம்பி ஏமாறக்கூடாது.

பஸ் டிக்கெட்டைப் புகையிலைக் கடையிலும் பத்திரிகைக் கடையிலும் விற்கிறார்கள். கடை வாசலில் "டி" என்ற எழுத்துப் பலகை தொங்கும். சிறிய ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகள் மூடிக்கிடக்கும். ஆகவே, போகும்போதே திரும்பி வரவும் டிக்கெட் வாங்கிவிடுவது நல்லது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே பார்த்துக்கொள்ள வேண்டும். கோபுரத்தைப் பிறகு பார்க்கலாம். அது ஓடிவிடாது!

கடலோரம்

நேபிள்சுக்குத் தெற்கே அமால்பிக் கடற்கரை. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கடல். நடுவே ஒரு குறுகிய சாலை. இங்கே ரெயில் பாதை போடவில்லை. நேபிள்சில் இருந்து சொரெண்டோ வரை, வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறிய ரெயில் போகிறது. புதைந்து போன பொம்பெயி நகரத்தின் வாசல் அருகிலேயே அது நிற்கும். கூட்டம் அதிகம். மணிபர்சில் கை இருக்கட்டும். சொரெண்டோவில் இறங்கி அமால்பிக்கு பஸ் ஏற வேண்டும். கோடையில் நிற்கவும் இடம் இருக்காது. வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் சலெர்னோ வரை ரெயிலில் போய், அங்கிருந்து படகில் போகலாம். குளிர்காலத்தில் மட்டும் படகை நம்ப முடியாது.

வடக்கே "சின்குவே தெர்ரே" என்று ஐந்து மீனவக் கிராமங்கள். அங்கே நேர்மாறு. ரெயில்தான் ராஜா! ஒரு கிராமத்துக்கும் அடுத்ததற்கும் சில நிமிடங்களே. ஒரே ஓர் ஊர் மட்டும், கோர்னீலியா, மலைமேல் இருக்கிறது. ஸ்டேஷனில் இருந்து சுமார் 380 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு சிறிய பஸ்.

வேலை நிறுத்தம்

"ஷோபெரோ" என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலை நிறுத்தம் என்று அர்த்தம். அங்கே அடிக்கடி நடக்கும். ஆனால் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். வேலை நாட்களில் காலை 6 மணி முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் முக்கியமான சாதாரண ரெயில்களை ஓட்டியே தீர வேண்டும். விமானம் பிடிக்க வேண்டிய நாளில் இந்த நேரத்துக்குள் கிளம்பிவிட்டால் தப்பலாம். பஸ்களுக்கு ஊருக்கு ஊர் நேரம் வேறுபடும்.

கப்பலில் ஏறும் ரெயில்

பூட்ஸின் நுனியில் சிசிலித் தீவு. தீவுக்கு உள்ளே பலெர்மோவில் இருந்து கட்டானியாவுக்குப் போகிறவர்களுக்கு பஸ்தான் வசதி. தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நெடுஞ்சாலை போகிறது. ரெயிலைவிட பஸ் அடிக்கடி புறப்படுகிறது, பெரும்பாலும் முந்தியும் போய்விடுகிறது.

ஆனால் ரோமில் இருந்து சிசிலிக்குப் போக, ஒரு தடவையாவது ரெயில் ஏறிப் பார்க்க வேண்டும். நடுவே சுமார் 3 கிலோ மீட்டர் அகலக் கடல். பாலம் கட்டும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பாலம் கட்டியபாடில்லை. வில்லா சான் ஜியோவன்னி என்ற துறைமுகத்தில் ரெயிலைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறார்கள். கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளம் இருக்கிறது. பெட்டிகளைப் பயணிகளோடு அப்படியே உள்ளே தள்ளிவிடுகிறார்கள்! பயணிகள் இறங்கிக் கப்பலின் மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். அக்கரையில் மெசினா. அங்கே பெட்டிகளை வெளியே இழுத்து மறுபடியும் கோக்கிறார்கள். ஒரு பாதி பலெர்மோவுக்கும், மறுபாதி சிராகூசாவுக்கும் போவது வழக்கம். ஆகவே, ரோமில் ஏறும்போதே பெட்டி எண்ணைப் பார்த்து ஏறவேண்டும். பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் வேலைக்கே நேரம் நிறையப் பிடிக்கும்.

அவசரக்காரர்கள் சிலர், "இதற்கு பஸ்ஸிலேயே போயிருக்கலாம்" என்று முணுமுணுக்கிறார்கள். பஸ்ஸும் அங்கே கப்பலில் ஏறித்தான் அக்கரை போகிறது.