கடல் கடந்து இல்லறம் தொடங்குவோர்க்கு

மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடிவதற்குள் மணமகனுடைய விடுமுறையில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. துபாயிலோ ஷார்ஜாவிலோ பணிபுரியும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, திருமணத்தை நிறைவேற்றி, இரு வீட்டு விருந்துக்கும் சென்று வர வேண்டும். பின்னர் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். “இரண்டு மாதத்தில் உன்னை அழைத்துக்கொள்கிறேன்” என்ற சொல்லை நம்பிப் பெண் இங்கே காத்திருப்பாள். தூத்துக்குடி, குமரிக் கடற்கரைப் பங்குகளில் இது புதுமையன்று. திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலும் அவ்வாறே. அந்த இரண்டு மாதம் சில இல்லங்களில் ஓர் ஆண்டாக நீள்கிறது. சென்று சேர்ந்த பின்னும் மூச்சுத் திணறும் குடும்பங்கள் உண்டு. இது ஏன் என்று இங்கே சற்று ஆராய்வோம். நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடுவதால், நம்மவர் மிகுதியாகச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. கணவருடைய விசாவின் கீழ் செல்லும் மனைவி அங்கே வாழும் உரிமை, கணவருடைய வேலை என்னும் ஒரே கயிற்றில் தொங்குகிறது. வேலை போனால் அவருடைய விசா முடியும். அதனுடன் மனைவியின் விசாவும் முடியும். ஆகவே “எப்போது அழைப்பீர்கள்?” என்று கேட்பதோடு பெண் வீட்டார் நின்றுவிடலாகாது. அந்தக் கயிறு எவ்வளவு உறுதியானது, அது தளர்ந்தால் பெண்ணின் கையில் தனியாக என்ன இருக்கும் என்பதையும் கேட்டறிய வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் குடும்பங்களில் ஓர் எண்ணம் இருக்கிறது. நகைக் கணக்கைக் கூச்சமின்றிப் பேசுகிற நாம் இதற்கு மட்டும் கூசுவது வேடிக்கைதான்.

காலத்தை மிகுதியாக விழுங்குவது பெயர்க் குழப்பம். நம் மக்களுக்குத் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர். கோயிலில் சூசை, பள்ளியில் ஜோசப். பாட்டனார் பெயர் இராயப்பன் என்றால் பேரனுடைய தாள்களில் பீட்டர் என்று இருக்கும். மரியம்மாள் என்பவர் மேரியாகவும், மரியா என்றும் எழுதப்படுகிறார். உள்ளூரில் இவை யாவும் ஒருவரையே குறிக்கும் என்பது பங்குத்தந்தைக்குத் தெரியும்; விசா அலுவலகத்துக்குத் தெரியாது. தலைப்பெழுத்து வேறொரு தொல்லை. நாம் ஓரெழுத்தில் அடக்கிவிடும் தந்தையின் பெயரைப் பாஸ்போர்ட்டில் முழுமையாக விரித்து எழுத நேர்கிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் பார்வையாளராக வர இயலாது என்று 2022ஆம் ஆண்டு நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது, தலைப்பெழுத்தோடு வாழ்ந்து பழகிய தமிழர்க்கு இதன் பொருள் விளங்கியது. எனவே மணமக்கள் இருவரும் தம் பாஸ்போர்ட்டைத் திருமணத்துக்கு முன்பே பங்கு அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று, அதிலுள்ள எழுத்துகளின்படியே பதிவேட்டில் எழுதச் செய்வது நன்று. திருமணம் ஆனதும் மனைவி தன் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மாற்றப் புறப்பட்டுச் சான்றிதழ்கள் அனைத்தையும் முரணாக்கிக்கொள்வதைவிட, இருக்கும் பெயரிலேயே செல்வது எளிது.

கோயிலில் தரப்படும் திருமணச் சான்றிதழோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009, எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் அரசிடம் பதிவு செய்துகொள்வது முறை. அந்தச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்று, அதன்மேல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்று, பிறகு அமீரகத் தூதரகத்தின் சான்று, அங்கே சென்றபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் சான்று என ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரை விழ வேண்டும். இடையில் ஓர் எழுத்துப் பிழை தென்பட்டாலும் முதற்படிக்குத் திரும்ப வேண்டியதுதான். இந்த அலைச்சலின்போதே பெண்ணின் பட்டச் சான்றிதழுக்கும் முத்திரை வாங்கிவிடுவது மிக நன்று. “இப்போது எதற்கு? அவள் வேலைக்கா போகப் போகிறாள்?” என்று மாமியார் வீட்டில் கேட்கலாம். நாளை கணவருடைய வேலைக்கு இடர் வந்தால், அந்த முத்திரையிட்ட பட்டமே குடும்பத்தைத் தாங்க நேரிடும். அன்று அதை மீண்டும் இந்தியாவுக்கு அனுப்பி வாங்குவதற்குள் காலம் கடந்துவிடும். செவிலியராகப் பணிபுரியும் பெண்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: துபாயில் பணிபுரியத் துபாய் சுகாதார ஆணையத்தின் உரிமம் தேவை; பணியில் நீண்ட இடைவெளி விழுந்தபின் அதைப் பெறுவது கடினம். விசா வரும்வரை இங்கே மருத்துவமனைப் பணியை விட்டுவிட்டு வீட்டிலிருப்பது அவ்வளவு புத்திசாலித்தனமன்று.

இனி வருமானம். மாதம் 4,000 திர்ஹாம், அல்லது நிறுவனம் தங்குமிடம் தந்தால் 3,000 திர்ஹாம் பெறுபவர் மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்பது 2019ஆம் ஆண்டு முதல் அங்குள்ள விதி. அழைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருவது வேறு. அழைத்தவரை வைத்துக் காப்பாற்ற முடிவது வேறு. வீட்டு வாடகையை மாதந்தோறும் அன்றி, ஓராண்டுக்கு உரியதை நான்கு அல்லது அதற்கும் குறைந்த பின்தேதிக் காசோலைகளாக முன்கூட்டியே கேட்பது அங்கே பெருவழக்கு. துபாயில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் மட்டும் அடுக்குமாடி வீட்டுக்கு 2,000 திர்ஹாம் முன்பணம் கட்ட வேண்டும். இதற்கு அஞ்சி, பலகைத் தடுப்பிட்டுப் பிரித்த அறையொன்றில் புதுமணப் பெண்ணைக் குடிவைப்போர் உண்டு. அது நகராட்சி விதிக்கு மாறானது. அதிகாரிகள் வந்தால் இரவோடு இரவாக வெளியேற நேரிடும். ஷார்ஜாவில் வாடகை குறைவு. ஆனால் துபாய் வேலைக்குப் போய்வர நாள்தோறும் பல மணி நேரம் சாலையில் கழியும்.

சம்பளத் தொகையைக் கேட்பவர்கள் அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் 30 நாள். படிகளை உயர்த்தி அடிப்படையைக் குறைத்து எழுதிய ஒப்பந்தம் மாதந்தோறும் இனிக்கும்; இறுதியில் கசக்கும்.

இவற்றினும் நுட்பமானது, அந்தச் சம்பளத்தில் முன்னமே யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்பது. ஊரில் கட்டிய வீட்டின் கடன், தங்கையின் திருமணம், தம்பியின் கல்லூரிக் கட்டணம், பெற்றோரின் மருந்துச் செலவு. இவை நியாயமான கடமைகள். இவற்றைத் தட்டிக்கழிக்கச் சொல்பவர் நாம் அல்லர். ஆனால் மனைவி இவற்றை அறியாமல் சென்றால், மாதத்தின் முதல் வாரத்திலேயே பணம் ஊருக்குப் போய்விடுவதைக் கண்டு, கணவர் தன்னிடம் எதையோ மறைக்கிறார் என்றே எண்ணுவாள். திருமணத்துக்கு முன்பே ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதி, அவளிடம் காட்டிவிடலாம். கணவர் பெயரிலுள்ள இந்தியச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவது சட்டப்படி கடமை. அங்கே சென்றதும் மனைவிக்கெனத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, சிறிதளவேனும் அதில் இட்டுவருவதை நாம் வற்புறுத்துகிறோம். கணக்குடையவர் இறந்தால், நீதிமன்ற ஆணை வரும்வரை வங்கி அக்கணக்கை முடக்கிவைக்கும். அந்நாட்களில் கைம்பெண்ணின் கையில் ஒரு திர்ஹாமும் இராது.

இருவரும் சேர்ந்து பார்வையாளர் விசாவில் சென்று அங்கே வேலை தேடலாம் என்று சொல்லும் முகவர்களைப் பற்றி ஒரு சொல். அந்த விசாவில் வேலை செய்வது குற்றம். இந்திய அரசிடம் பதிவுபெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் இடந்தரவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அமீரகத்தில் குடியிருப்பு விசா பெற்ற மனைவி ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினால், அந்த விசா செயலிழந்துவிடும் என்பது இங்குள்ள பெரியோர் பலருக்குத் தெரியாது. ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு வந்து, பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபின் போகலாம் என்று கணக்கிட்டால் விதி மீறிப்போகும். கர்ப்பம் முற்றியபின் விமானத்தில் ஏற மருத்துவர் கடிதம் வேண்டும். இறுதி வாரங்களில் ஏற்றமாட்டார்கள். அங்கேயே பிரசவம் என்றால் மருத்துவக் காப்பீட்டை முன்னமே பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் ஊழியருக்கு மட்டுமே காப்பீடு தருகின்றன. துபாயில் மனைவிக்குரியதைக் கணவரே எடுத்தாக வேண்டும். பிறந்த குழந்தைக்கு 120 நாட்களுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும். தவறினால் நாள்தோறும் அபராதம். இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிந்தால்தான் குழந்தையின் இந்தியக் குடியுரிமைக்குச் சிக்கல் வராது. திருமுழுக்குக்கு அங்குள்ள கோயிலில் பெற்றோரின் திருமணச் சான்றைக் கேட்பார்கள்; அதன் படி ஒன்று பெட்டியில் இருக்கட்டும். துபாயில் புனித மரியா ஆலயம் 1967 முதல் இருந்து வருகிறது. தமிழிலும் திருப்பலி உண்டு. 2022 சனவரி முதல் அரசு அலுவலகங்களின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதால், முன்போல் வெள்ளிக்கிழமையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பெட்டி கட்டும் தாய்மாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறோம். இருமல், வலி மருந்துகளில் சில அங்கே தடைசெய்யப்பட்டவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் எதையும் வைக்க வேண்டாம். ஊறுகாய், கருவாட்டுப் பொடி எல்லாம் போகட்டும். ஆனால் மசாலா அரைக்கும்போது கசகசாவைச் சேர்த்துவிடாதீர்கள். நமக்கு அது சமையல் பொருள்; அமீரகச் சட்டத்தில் அது போதைப் பொருள் வகை, அகப்பட்டால் சிறை. குருமாவுக்கு முந்திரிப்பருப்பே போதும்.