நுனியைப் பிடித்த எதிர்ப்பொருள்

குடலில் உணவைத் தள்ளுவது, ரத்தக்குழாயை இறுக்குவது, பிரசவத்தில் குழந்தையை வெளியே உந்துவது எல்லாம் மென்தசையின் வேலை. கை கால் தசையில் தெரியும் குறுக்கு வரிகள் இதில் கிடையாது. நடுவில் பருத்து இரு முனையும் கூம்பிய செல்கள்; பக்கத்திலேயே இருக்கும் நார்த்திசுச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்டும் கிட்டத்தட்ட அதே வடிவம். வழக்கமான சாயத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது தேர்ந்த கண்ணுக்கும் சிரமம்தான்.

1971-ல் ஜூலியோ காபியானியும் அவருடைய சகாக்களும் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். ஆறிவரும் புண்ணின் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்களுக்குள் மென்தசையில் இருப்பது போன்ற இழைக்கட்டுகள் தெரிந்தன. புண்ணின் வாயை இழுத்துச் சுருக்குவது இவைதான் என்ற எண்ணம் வலுத்தது. மையோஃபைப்ரோபிளாஸ்ட் என்று இவற்றுக்குப் பெயர் வந்தது. ஆனால் அந்த இழைகளில் இருப்பது மென்தசைக்குரிய புரதம்தானா?

இழைகளின் முக்கியப் புரதம் ஆக்டின். சிக்கலும் அதில்தான். ஆக்டின் இல்லாத செல்லே உடலில் இல்லை. பாலூட்டிகளில் ஆறு வகை ஆக்டின் உண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் 375 அமினோ அமிலங்கள், ஆறும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். 1978-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஜோயல் வாண்டெகெர்க்கோவும் கிளவுஸ் வெபரும் இவற்றின் வரிசைகளை ஒப்பிட்டார்கள். இருக்கும் சொற்ப வேறுபாடும் பெரும்பாலும் புரதம் தொடங்கும் நுனியில்தான் குவிந்திருந்தது. மென்தசையின் ஆல்ஃபா ஆக்டின் மூன்று குளுட்டாமிக் அமிலங்களோடு தொடங்கும், நான்காவது அஸ்பார்ட்டிக் அமிலம். எலும்புத் தசையின் ஆக்டினில் இதே இரண்டு அமிலங்களும் மாறி மாறி வரும். முக்கிய வித்தியாசம் அவ்வளவுதான்.

மென்தசையின் ஆல்ஃபா ஆக்டினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உருவாக்க, ஜெனீவாவில் காபியானியின் குழு அந்த நுனியையே குறிவைத்தது. முதல் பத்து அமினோ அமிலங்களை மட்டும் ஆய்வகத்தில் கோத்தார்கள். இத்தனை சிறிய துண்டை எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் சட்டை செய்யாது. அதனால் ஒரு கடல் நத்தையின் ரத்தப் புரதத்தோடு அதை இணைத்து எலிக்குச் செலுத்தினார்கள். ஒரே செல்லின் வாரிசுகளிடமிருந்து ஒரே வகை எதிர்ப்பொருளை வற்றாமல் பெறும் முறையை, கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975-லேயே காட்டியிருந்தார்கள். அந்த வழியில் 1986-ல் கிடைத்த எதிர்ப்பொருளை உலகமெங்கும் ஆய்வகங்கள் 1ஏ4 என்று அழைக்கின்றன. அது பற்றிக்கொள்வது முதல் நான்கு அமிலங்களையும் அவற்றின் முன்னால் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதியையும் என்பது பின்னால் தெளிவானது. 375-ல் நான்கை வைத்து ஆளை அடையாளம் காணும் இந்தத் துல்லியம் என்னை இன்றும் மலைக்க வைக்கிறது.

ஆய்வகத்தில் வேலை நிதானமாக நடக்கும். ஃபார்மலினில் பதப்படுத்தி பாரஃபின் மெழுகில் புதைத்த திசுவை நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவி ஸ்லைடில் ஏற்றுவார்கள். மெழுகைக் கரைத்தபின் முதல் எதிர்ப்பொருளான 1ஏ4-ஐ விட்டு ஊறவைப்பார்கள். அடுத்து, எலியின் எதிர்ப்பொருளைத் தேடிப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருள். அதோடு கட்டியிருக்கும் நொதி, ஊற்றும் வேதிப்பொருளை அந்த இடத்திலேயே பழுப்பாக மாற்றும். செல்களின் உட்கருக்கள் மட்டும் ஹீமடாக்சிலின் சாயத்தில் நீலமாக நிற்கும்.

அனுபவசாலிகள் முதலில் தேடுவது ரத்தக்குழாயை. எந்த உறுப்பின் துண்டானாலும் அதில் பெரும்பாலும் ஒரு சிறு தமனியாவது இருக்கும். அதன் சுவர் பழுப்பு வளையமாகத் தெரிந்தால்தான் சோதனை வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். வளையம் வெளிறிக் கிடந்தால், அந்த ஸ்லைடில் வேறெதையும் படித்துப் பயனில்லை. முதல் எதிர்ப்பொருளை விடாத ஒரு துண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது பழுப்பாகக் கூடாது. எலியின் திசுவையே சோதிக்கும்போது இது ரொம்ப முக்கியம். இரண்டாவது எதிர்ப்பொருள், அந்த எலியின் உடம்பிலேயே இருந்த எதிர்ப்பொருள்களையும் பிடித்துக்கொண்டு சம்பந்தமில்லாத இடங்களையும் பழுப்பாக்கிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், பழுப்பு என்றாலே மென்தசை என்று எழுதிவிடக் கூடாது. 1ஏ4 அடையாளம் காட்டுவது ஒரு புரதத்தை, செல்லை அல்ல. அந்தப் புரதம் இருந்தால் மையோஃபைப்ரோபிளாஸ்டும் பழுப்பாகும். கல்லீரலில் தழும்பு விழும்போது, அதுவரை வைட்டமின் ஏ-யைச் சேமித்துவந்த ஸ்டெல்லேட் செல்களும் இந்த ஆக்டினை உண்டாக்கத் தொடங்கும். கல்லீரல் நார்த்திசு ஆராய்ச்சியில் 1ஏ4 நீங்காத இடம் பிடித்தது இதனால்தான். உண்மையான மென்தசைதானா என்று உறுதிசெய்ய மென்தசை மையோசின், எச்-கால்டெஸ்மான் ஆகிய புரதங்களுக்கான எதிர்ப்பொருள்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கண்டிப்பு நோயாளியின் திசுவைச் சோதிக்கும்போதும் தேவை. மார்பகத்தின் பால் நாளங்களைச் சுற்றி, சுருங்கும் தன்மையுள்ள மையோஎபிதீலியல் செல்கள் ஓர் அடுக்காக இருக்கும். புற்றுநோய் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் அந்த அடுக்கு பொதுவாகப் பழுப்பாகத் தெரியும். வெளியே ஊடுருவிய இடத்தில் இருக்காது. ஆனால் கட்டியைச் சுற்றி மையோஃபைப்ரோபிளாஸ்ட்கள் பெருகியிருந்தால், அவற்றின் பழுப்பே அந்த அடுக்கைப் போல ஏமாற்றும். ஆகவே நோய்க்கூறியல் மருத்துவர்கள் மென்தசை மையோசினோடு பி63 என்ற புரதத்துக்கான சோதனையையும் கேட்பார்கள். பி63 உட்கருவில் மட்டும் நிறமேறும். மையோஃபைப்ரோபிளாஸ்டிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் அது தெரியாது.