சைபீரியா விருந்தாளி: விரட்டினால் பட்டினி!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் பல கோயில் காடுகள் இருக்கின்றன. சாமி குடியிருக்கும் இடம் என்று மலைவாழ் மக்கள் அங்கே மரம் வெட்டுவது இல்லை. சுற்றிலும் காப்பியும் மரவள்ளியும் பயிரான பிறகும், அந்தக் காடுகளில் பழைய மரங்கள் நிற்கின்றன. தொடாமல் விட்டதுதான் காரணம்.

இதே உண்மையைக் கடற்கரையிலும் காணலாம். கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறு, காவிரியில் கலக்கிறது. காவிரிப் படுகையின் தென்கோடியில், கடலோரத்தில் இருப்பது கோடியக்கரை.

ஒரு பிடி கடலை எடை!

குளிர்காலத்தில் கோடியக்கரைச் சதுப்பு நிலத்துக்குக் கொசு உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஒரு பறவையின் எடை சுமார் 25 கிராம். ஒரு சிறு பிடி கடலை அவ்வளவு இருக்கும்!

ஆனால் அது பறந்து வரும் தூரம் பல ஆயிரம் கிலோமீட்டர். அதன் பிறப்பிடம் சைபீரியாவின் வடகோடி. அங்கே பனி மூடிவிட்டால் இரை கிடைக்காது. ஆகவே இங்கே வருகிறது.

சேற்றில் உள்ள புழு, பூச்சிகளைப் பொறுக்கித் தின்கிறது. திரும்பிப் போகும் முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. நீண்ட பயணத்துக்கு அதுதான் கட்டுச்சோறு.

கல் எறிந்தால் என்ன ஆகும்?

நாய் துரத்தினாலும், சிறுவன் கல் எறிந்தாலும், கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும். பறந்தால் கொழுப்பு கரையும். இரை தேடும் நேரமும் போகும். நாள்தோறும் இப்படி நடந்தால் கட்டுச்சோறு காலி! வழியிலேயே உயிர் போகலாம்.

டென்மார்க் நாட்டில் இரண்டு ஈரநிலங்களில், ஒரு பகுதியில் மட்டும் வேட்டையை நிறுத்திப் பார்த்தார்கள். துப்பாக்கிச் சத்தம் இல்லாத இடத்தில் நீர்ப்பறவைகள் பல மடங்கு பெருகின. இந்த ஆய்வு 1998-ல் வெளியாயிற்று. யாரும் இரை போடவில்லை. பயம் நீங்கியது, பறவைகள் வந்தன!

மக்கள் கையில்

கோடியக்கரை 1967-ல் சரணாலயம் ஆயிற்று. 2002-ல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பது இல்லை. அங்கே பறவைகளுக்கு மக்களே காவல்!

குழந்தைகளுடன் பறவை பார்க்கப் போகிறீர்களா? தூரத்தில் நின்று பாருங்கள். கை தட்டாதீர்கள். விருந்தாளி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேரட்டும்!